யார் வாயில் வந்தால் அது மந்திரம்?

(ஆலங்குடியில் இளைஞர்கள் நடத்திய வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆலங்குடிக்குப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் நண்பர் ஒருவர், "என்ன, குருபெயர்ச்சிக்கா?" என்று கேட்டார். அது திருவாரூர் மாவட்டத்து ஆலங்குடி, நான் போவது புதுக்கோட்டை ஆலங்குடி என்று விளக்கினேன். "அங்கே என்ன விசேஷம்?" என்றார். பலாப்பழம், மல்லிகைப்பூ, பக்கத்து நெடுவாசலில் 2017இல் நடந்த போராட்டம் என்று வரிசையாகச் சொன்னேன். இன்றைக்கு நீங்கள் கொடுத்திருக்கும் தலைப்பைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார். 'சமஸ்கிருதம் தேவமொழியா?' என்பது தலைப்பு.

இந்தத் தலைப்பு உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வாட்ஸ்அப்பில் இருந்துதான். குடும்பக் குழுவில் பெரியப்பாவோ மாமாவோ அனுப்புகிறார்கள். சூரியன் 'ஓம்' என்று ஒலிக்கிறது, நாசா பதிவு செய்துவிட்டது என்று ஒரு காணொளி. 2020 ஜனவரியில் அதை ட்விட்டரில் பகிர்ந்தவர் யார் தெரியுமா? அப்போது புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி. ஐ.பி.எஸ். படித்தவர். ஓசை பயணிக்கக் காற்றோ நீரோ ஏதாவது ஓர் ஊடகம் வேண்டும், விண்வெளியில் அது இல்லை என்பது பள்ளிப் பாடம். சூரியனின் அதிர்வுத் தரவுகளை நம் காதுக்குக் கேட்கும் ஒலியாக ஆய்வாளர்கள் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வரும். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் ராத்திரி அதைத்தான் ஓதுகிறது.

இன்னொன்று, கம்ப்யூட்டருக்கு ஏற்ற மொழி சமஸ்கிருதம்தான் என்று நாசா சொன்னது என்பார்கள். 1985இல் ரிக் பிரிக்ஸ் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். சமஸ்கிருத இலக்கணிகள் ஒரு வாக்கியத்தின் பொருளைப் பிரித்துக் காட்டும் முறைக்கும் செயற்கை நுண்ணறிவில் அறிவைப் பதிவு செய்யும் முறைக்கும் உள்ள ஒப்புமையைப் பற்றியது அது. நல்ல கட்டுரை. அந்த ஒரு கட்டுரை நாற்பது ஆண்டுகளில் 'நாசா அறிவிப்பு' ஆகிவிட்டது. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது வேறு. மந்திரத்தின் ஓசையிலேயே புனிதம் இருக்கிறது, பொருள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அந்த அதிர்வு போதும் என்கிறார்களே, அதைப் பற்றிப் பேசலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒலிகளை ஆராய்வதில் பழைய சமஸ்கிருத இலக்கணிகள் கெட்டிக்காரர்கள். பாணினியின் சூத்திரங்கள் ஏறத்தாழ 4,000. ஒரு மொழியின் இயக்கத்தை அத்தனை சுருக்கமாகச் சொன்ன நூல் பழைய உலகில் வேறு இல்லை என்று மொழியியலாளர்கள் வியக்கிறார்கள். அதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை. உச்சரிப்பைக் கற்பிக்கும் நூல்களுக்குச் சிட்சை என்று பெயர். பாணினி பெயரில் வழங்கும் சிட்சை நூல் ஒன்று, எழுத்துகள் பிறக்கும் இடங்கள் எட்டு என்கிறது: மார்பு, தொண்டை, தலை, நாவின் அடி, பல், மூக்கு, உதடு, அண்ணம். நம் தொல்காப்பியத்தின் பிறப்பியலைத் திறந்து பாருங்கள். அங்கும் எட்டு: தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். ஏறக்குறைய அதே பட்டியல்.

இரண்டு பட்டியலிலும் பூணூல் இல்லை. ஓசை எங்கே பிறக்கிறது என்று உலகத்தில் மற்றவர்களைவிட நுணுக்கமாகத் தெரிந்து வைத்திருந்தவர்களே, அது தசையிலும் எலும்பிலும் காற்றிலும் பிறக்கிறது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எட்டு இடமும் எல்லா மனிதருக்கும் உண்டு. பிறகு எப்படி ஒருவர் வாயில் மந்திரமாக இருப்பது இன்னொருவர் வாயில் தீட்டாகிறது?

இதற்கு அவர்களே இரண்டு கதைகள் சொல்கிறார்கள். இந்திரனைப் பழிவாங்க துவஷ்டா என்பவன் வேள்வி செய்கிறான். 'இந்திரனைக் கொல்பவனாக' ஒரு மகன் வேண்டும் என்று கேட்கிறான். வேத மொழியில் சொல்லின் எந்த அசையில் குரல் உயர்கிறது என்பதை வைத்துப் பொருள் மாறும். அவன் குரலை இடம் மாற்றி உயர்த்திவிட்டான். 'இந்திரனைக் கொல்பவன்' என்பது 'இந்திரனால் கொல்லப்படுபவன்' ஆகிவிட்டது. பிறந்த மகன் விருத்திரனை இந்திரன் கொன்றான். இரண்டாவது கதை: அசுரர்கள் 'ஹே அரய:' (ஏ பகைவர்களே) என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஹேலய:' என்று சொன்னார்களாம். ர வரவேண்டிய இடத்தில் ல வந்துவிட்டது. அதனால் தோற்றார்களாம். ஆகையால் பிராமணன் மிலேச்சனைப் போலப் பேசக்கூடாது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பதஞ்சலி தன் மகாபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, இலக்கணம் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கதைகளைத்தான் காரணமாகக் காட்டுகிறார்.

ர-வுக்குப் பதில் ல சொன்னால் மனிதன் கீழானவன். இதைப் படித்தபோது எனக்கு ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் எல்லோரும் 'வாளப்பளம்' என்றுதான் சொல்வோம். வகுப்பில் வாசிக்கச் சொன்னபோது நானும் அப்படித்தான் வாசித்தேன். வாத்தியார் என்னை பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்தி, எங்கள் தெருவின் பெயரைச் சொல்லி, "அங்கேயிருந்து வர்றவனுக்கு ழ எப்படிடா வரும்?" என்றார். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் வீட்டிலும் வாளப்பளம்தான். அந்தப் பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை, அப்படிப்பட்ட வகுப்பறைகள் நிறைய இருந்தன. நான் சொல்ல வருவது, அந்த வாத்தியாருக்கு மகாபாஷ்யம் தெரியாது. ஆனால் உச்சரிப்பை வைத்து ஆளை நிறுத்தும் இடத்தை முடிவு செய்யும் அந்த முறை அவருக்கு அத்துப்படி.

உச்சரிப்பு சரியாக இருந்தால் விட்டுவிடுவார்களா? அதுவும் இல்லை. கௌதம தர்ம சூத்திரம் 12ஆம் அத்தியாயத்தில், வேதத்தைக் காதில் கேட்கும் சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்ற வேண்டும், ஓதினால் நாக்கை அறுக்க வேண்டும், மனதில் வைத்துக்கொண்டால் உடலைப் பிளக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஆதிசங்கரர் பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய உரையில் இந்த விதியைச் சான்றாக எடுத்தாள்கிறார். 'அதெல்லாம் ஏட்டில் இருந்தது, யார் காதில் ஊற்றினார்கள், காட்டு பார்க்கலாம்' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. ஒவ்வொரு காதிலும் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. யார் பயந்துகொண்டு தள்ளி நிற்க வேண்டும் என்று எழுதி வைத்தாலே வேலை நடந்துவிடும். தண்டனையைப் பாருங்கள்: காது, நாக்கு, நினைவு. ஓசை போகும் பாதை முழுவதையும் காவல் போட்டு அடைத்திருக்கிறார்கள். தமிழில் வேதத்துக்கு 'மறை' என்று பெயர் வந்ததும், சங்க இலக்கியத்திலேயே அதை எழுதாத கல்வி என்று குறிப்பிடும் இடம் இருப்பதும் பொருத்தம்தான். எழுதினால் யாராவது படித்துவிடுவார்கள் அல்லவா?

இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. உங்கள் அம்மாக்களைக் கேளுங்கள். கல்குவாரியில் சல்லி உடைத்த பெண்கள் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் அ, ஆ எழுதிப் படித்தார்கள். கூடவே ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பெண்கள் முதன்முதலில் தன் பெயரைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தபோது எழுந்த ஓசையைப் பற்றி யாரும் சாத்திரம் எழுதவில்லை.

சரி, மொழிகளுக்கு இடையிலான உறவுக்கு வருவோம். 'சமஸ்கிருதம் தாய், மற்ற மொழிகள் எல்லாம் அதன் பிள்ளைகள்' என்பது இன்னொரு வாட்ஸ்அப் சரக்கு. 1816இலேயே சென்னையில் இருந்த எல்லிஸ், தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை தனிக் குடும்பம் என்று காட்டிவிட்டார். 1856இல் கால்டுவெல் விரிவாக நிறுவினார். இருநூறு ஆண்டுப் பழைய விஷயம் இது. இதற்குப் புத்தகம்கூட வேண்டாம், புதுக்கோட்டைக்குப் போய் அன்னவாசல் பக்கம் பஸ் ஏறினால் போதும்.

சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம் இருக்கிறது. பெரும்பாலோர் கீழே குடைவரையில் உள்ள ஓவியத்தைப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மேலே ஏறுங்கள். சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் இருக்கும். ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை. இன்ன ஊரில் பிறந்த இன்னாருக்கு இன்னார் செய்து கொடுத்த இருக்கை என்பது செய்தி. இருக்கை என்பதற்கு அங்கே வெட்டியிருக்கும் சொல் 'அதிட்அனம்'. அதிட்டானம். வடக்கே 'அதிஷ்டான' என்பார்கள். துறவிகளோடு வந்த சொல் அது. வந்த சொல் இங்கே ஷ்-வைக் கழற்றி வைத்துவிட்டு ட் போட்டுக்கொண்டது. வடசொல் வந்தால் வட எழுத்தை விட்டுவிட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்தி வரட்டும் என்று தொல்காப்பியம் சொல்வது இதைத்தான். சொல்லுக்குக் கதவடைக்கவில்லை. புனிதம் கெட்டுவிட்டது என்று யாரும் அழவும் இல்லை. கல்லுளி பிடித்தவர் தன் காதுக்குக் கேட்டபடி வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

நம்மிடமிருந்து அங்கே போனவையும் உண்டு. கதிரடிக்கும் களம் இருக்கிறதே, அது ரிக் வேதத்தில் 'கல' என்று இருப்பது திராவிட மொழியிலிருந்து போனது என்று பர்ரோ போன்ற சமஸ்கிருத அறிஞர்களே கருதினார்கள். சொல்லை விடுங்கள், ஓசையைப் பாருங்கள். ட, ண போல நாக்கை மடித்துச் சொல்லும் வளைநா ஒலிகள் சமஸ்கிருதத்தில் நிறைய. ஆனால் அதன் உடன்பிறப்பான ஈரானின் அவெஸ்தா மொழியில் அவை இல்லை. கிரேக்கம், லத்தீனிலும் இல்லை. இந்த மண்ணில் ஏற்கெனவே இருந்த மக்களின், குறிப்பாகத் திராவிட மொழி பேசியவர்களின் நாக்கிலிருந்து அவை ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எமெனோ, குய்ப்பர் போன்றோரின் வாதம். மொழிக்குள்ளேயே நிகழ்ந்த மாற்றம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், விவாதம் நடக்கட்டும். ஆனால் 'பிராமணன்' என்ற சொல்லில் இருக்கிறதே ஒரு ண, அதை அவெஸ்தாவில் தேடினால் கிடைக்காது.

அவெஸ்தாவைப் பற்றி இன்னும் ஒன்று. நமக்கு அசுரன் கெட்டவன். அங்கே அதே சொல் 'அகுர' என்று மாறி, அகுரா மஸ்தா என்ற முழுமுதற் கடவுளாக உட்கார்ந்திருக்கிறது. நமக்குத் தேவன் கடவுள். அங்கே 'தைவா' பேய். ஒரே வீட்டில் பிறந்த சொற்கள். ஓசையிலேயே புனிதம் இருந்தால், எல்லை தாண்டியதும் தேவன் எப்படிப் பேயானான்?

எழுத்துக்கும் இதே கதைதான். அசோகர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் மக்களோடு பேச நினைத்தபோது பிராகிருதத்தில் எழுதினார், மேற்கே கிரேக்கத்திலும் அரமேயத்திலும் எழுதினார். சமஸ்கிருதத்தில் எழுதவில்லை. சமஸ்கிருதத்தின் முதல் நீண்ட கல்வெட்டாகச் சொல்லப்படுவது குஜராத்தின் ஜூனாகத்தில் உள்ளது, கி.பி. 150 வாக்கில் ருத்ரதாமன் வெட்டியது. தேவநாகரியில்தான் தெய்வம் படிக்கும் என்பது போலப் பேசுகிறார்களே, அன்னவாசல் பக்கத்துக் குடுமியான்மலையில் ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு வாக்கினது. மொழி சமஸ்கிருதம். எழுத்து இங்கே தெற்கில் உருவான கிரந்தம். ஏழு பண்களுக்கான சுரங்களை வரிசையாகப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எதற்கு? கற்கும் மாணவர்களுக்காக என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கடைசியில் தமிழில் ஒரு வரி குறிப்பு வேறு. எனக்கு அந்தப் பாறை மிகவும் பிடிக்கும். சமஸ்கிருத ஓசையைத் திறந்த வெளியில், வெயிலில், பாடமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், சமஸ்கிருதம் என்ற மொழியோடு நமக்குச் சண்டை இல்லை. புத்தரிடம் பிராமணக் குடியில் பிறந்த துறவிகள் இருவர் வந்து, உங்கள் சொற்களை வேத யாப்பில் ஆக்கித் தருகிறோம் என்று கேட்டபோது அவர் மறுத்துவிட்டார், அவரவர் மொழியில் கற்கட்டும் என்றார் என்று விநய பிடகம் சொல்கிறது. ஆனால் பின்னாளில் பௌத்தர்களே சமஸ்கிருதத்தில் எழுதினார்கள். அசுவகோசர் பெயரில் வழங்கும் வஜ்ரசூசி என்ற நூல் சாதியைத் தோலுரிக்கிறது, சமஸ்கிருதத்தில். அண்ணல் அம்பேத்கர் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டப்படாத பிள்ளைக்குச் சொல்லித்தர ஆசிரியர் மறுத்ததால் பாரசீகம் படித்தார். பிறகு தானாகவே முயன்று கற்று, வேதத்தையும் சாத்திரத்தையும் படித்து, 1946இல் 'சூத்திரர்கள் யார்?' எழுதினார். 1949 செப்டம்பரில் சமஸ்கிருதத்தை ஆட்சிமொழியாக்கும் திருத்தத்தை அவர் ஆதரித்தார் என்ற செய்தியை எதிர்த்தரப்பினர் அடிக்கடி எடுத்து வீசுவார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த ஒரு நிலைப்பாட்டில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை, அவ்வளவுதான். வாசலில் நிறுத்தப்பட்டவர் ஒருவர் அந்த மொழியை உரிமையோடு கையில் எடுத்தார் என்பது அதைவிடப் பெரிய செய்தி.

இப்போது ஓசையில்தான் புனிதம் என்ற வாதத்தை நம் கண்ணெதிரே நடந்த இரண்டு நிகழ்வுகளை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

சிதம்பரம். சிவனடியார் ஆறுமுகசாமி, சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட வேண்டும் என்றார். 2000இல் பாட முயன்றபோது தாக்கப்பட்டார். எட்டு ஆண்டுகள் போராட்டம், வழக்கு, மனு. 2008 பிப்ரவரி இறுதியில் அரசாணை வந்தது, மார்ச் 2ஆம் தேதி போலீஸ் பாதுகாப்போடு அந்த முதியவர் மேடையேறிப் பாடினார். தேவாரம் என்ன, வேற்று மதப் பாட்டா? அதே கோயிலைப் பாடிய பாட்டு. அங்கே சொன்ன காரணம்: மேடையில் ஒலிக்க வேண்டியது அது அல்ல.

அடுத்து அர்ச்சகர் வழக்கு. கோயில் அர்ச்சகர் வேலையில் வாரிசுரிமையை ஒழித்துத் தமிழ்நாடு சட்டம் போட்டது 1970களின் தொடக்கத்தில். 1972இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றபடியே ஆகமத்தைக் குறுக்கே வைத்தது. 2006இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்று அரசாணை. ஆறு பயிற்சிப் பள்ளிகள். 200க்கும் மேற்பட்ட இளைஞர்கள், தலித்துகளும் பிற்படுத்தப்பட்டோரும், மந்திரமும் ஆகமமும் படித்துத் தேறினார்கள். சமஸ்கிருத மந்திரங்களை முறையாக உச்சரிக்கக் கற்றார்கள். துவஷ்டா செய்த பிழையை அவர்கள் செய்யவில்லை. தேறியபின் என்ன நடந்தது? வழக்கு. 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தும் தெளிவு இல்லை. 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் அரசுப் பள்ளிகளில் பயின்ற 24 பேர் பணி நியமனம் பெற்றார்கள். ஒன்றிரண்டு பேர் தவிர மற்றவர்களுக்குப் பதின்மூன்று, பதினான்கு ஆண்டுக் காத்திருப்பு. இடையில் எத்தனையோ பேர் வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள்.

சிதம்பரத்தில் தமிழ் பாடினால் மொழி சரியில்லை. சமஸ்கிருதத்தையே படித்துக்கொண்டு வந்து நின்றால் பிறப்பு சரியில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் அதிர்வு, அலைவரிசை என்று யாராவது விளக்கம் சொல்ல வந்தால் என்னால் பொறுமையாகக் கேட்க முடிவதில்லை.

இதுவரை நீங்கள் நன்றாகத் தலையாட்டினீர்கள். இனிச் சொல்வது கொஞ்சம் கசக்கும்.

1916இல் வேதாசலம் மறைமலை என்று பெயர் மாற்றிக்கொண்டதிலிருந்து தனித்தமிழ் இயக்கம் நிறையச் சாதித்திருக்கிறது. மணிப்பிரவாளத்திலிருந்து நம் உரைநடை மீண்டதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 'ஜாதி'யில் இருந்த ஜ-வை எடுத்துவிட்டுச் 'சாதி' என்று எழுதினோம். எழுத்து போனது, அது போகவில்லை. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில், வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் பார்த்தது என்ன? டீக்கடையில் இரட்டைக் குவளை. அய்யனார் கோயிலுக்குள் அந்த மக்கள் போக முடியாத நிலை. அதிகாரிகளே கூட்டிக்கொண்டு போய்க் கோயிலைத் திறந்துவிட்டார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, அந்த மக்களும் பல இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. நான் இங்கே கவனிக்கச் சொல்வது, அந்தக் கோயில் வாசலில் சமஸ்கிருதம் இல்லை. அய்யனாருக்கு வேதம் தெரியாது. 'உள்ளே வராதே' என்று சொல்லப்பட்டது நல்ல தமிழில். சித்தன்னவாசலும் குடுமியான்மலையும் இருக்கும் அதே அன்னவாசல் பக்கம்தான் வேங்கைவயலும். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இளைஞர்கள் நீங்கள் ஒருமுறை போய் வாருங்கள்.

ஆகவே சமஸ்கிருதத்தை இறக்கிவிட்டு அதே பீடத்தில் தமிழை ஏற்றி, 'தமிழே ஆதிமொழி, இறைவன் மொழி' என்று சூடம் காட்டுவது எனக்கு உவப்பில்லை. பிள்ளைகளுக்கு ஷ, ஸ, ஹ வைத்துப் பெயர் வைப்பதைச் சில தமிழன்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். கருப்பன், மண்ணாங்கட்டி என்று தாத்தாவுக்கு ஊரார் வைத்த பெயரில் சாதி ஒட்டிக்கொண்டிருந்தது. பேத்திக்கு 'தர்ஷினி' என்று பெயர் வைத்தால் பேருந்தில் யாருக்கும் அவள் எந்தத் தெரு என்று தெரியாது. அந்தத் தாய்க்கு ஷ எங்கிருந்து வந்தது என்பது கவலை இல்லை. நல்ல தமிழ்ப் பெயர்கள் நிறைய இருக்கின்றன என்று அன்பாகச் சொல்லலாம், அதற்கு மேல் அதிகாரம் நமக்கு இல்லை.

நிதி விவரத்தையும் கேட்டிருந்தீர்கள். 2011 கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 24,821 பேர். தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 6.9 கோடி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெறப்பட்டு 2025இல் வெளியான கணக்குப்படி 2014-15 முதல் 2024-25 வரை ஒன்றிய அரசு சமஸ்கிருதத்துக்குச் செலவிட்டது ஏறத்தாழ 2,533 கோடி ரூபாய். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், ஒடியா ஐந்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 148 கோடி. இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

கடைசியாக, உங்களில் பலருக்கு நேரடியாகத் தேவைப்படும் ஒரு விஷயம். கல்யாணம்.

திருமணத்தில் ஓதப்படும் மந்திரங்களில் ஒன்று ரிக் வேதத்தின் 10ஆம் மண்டலத்தில் வருகிறது. மணப்பெண்ணைப் பார்த்து, உன்னை முதலில் சோமன் அடைந்தான், அடுத்து கந்தர்வன், மூன்றாவது அக்னி, நான்காவதாக இந்த மனிதன் கணவன் என்கிறது. பொருள் தெரிந்தால் எத்தனை அப்பாக்கள் மேடையில் கைகட்டி நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? 'பொருள் முக்கியமில்லை, ஓசைதான் முக்கியம்' என்ற வாதத்தின் பயன் இங்கேதான் தெரிகிறது.

இந்த ஓசை இல்லாமல் செய்துகொண்ட கல்யாணம் என்ன ஆயிற்று தெரியுமா? 1920களின் இறுதியிலிருந்து பெரியாரின் இயக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார்கள். 1953இல் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கு இல்லாத அந்தத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்றது. அன்றைக்கு எத்தனை பெண்கள் தாங்கள் மனைவியா இல்லையா என்று தெரியாமல் நின்றிருப்பார்கள்? பிள்ளைகளின் சொத்துரிமை என்ன ஆகும்? மந்திர ஓசை ஒரு பெண்ணின் சட்ட நிலையைத் தீர்மானித்தது என்பது புராணக் காலத்துக் கதையல்ல, உங்கள் தாத்தா பாட்டி காலம்.

1967இல் அண்ணா முதலமைச்சரானதும் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அறிவித்தது. அதன் வாசகத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். உறவினர், நண்பர் அல்லது வேறு யார் முன்னிலையிலாவது, மணமக்கள் தங்களுக்குப் புரிகிற எந்த மொழியிலும், இவரைக் கணவராக ஏற்கிறேன், இவரை மனைவியாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். ஏதாவது ஒன்று. புரோகிதர் தேவையில்லை. சமஸ்கிருதத்தை விலக்கவும் இல்லை, தமிழைத் திணிக்கவும் இல்லை. 'புரிகிற மொழி' என்று மட்டும் கேட்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டு மந்திர வாதத்துக்கு ஒரு சட்டப்பிரிவில் இத்தனை அமைதியாகப் பதில் எழுதியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இது தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும்தான் உண்டு. 2024இல்கூட உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், உரிய சடங்குகள் நடக்காத இந்துத் திருமணம் வெறும் பதிவுச் சான்றிதழால் செல்லுபடியாகாது என்று சொல்லியிருக்கிறது. ஆனால் 7ஏ-வின்கீழ் வரும் திருமணத்துக்கு ஊரறிய நடத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று அதே நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சாதி மறுத்துத் திருமணம் செய்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஊரைக் கூட்டி அறிவித்தால் உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இருப்பவர்கள் இந்த மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

எனவே குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் சட்டப்படி இந்து என்ற வரையறைக்குள் வர வேண்டும், பௌத்தர், சமணர், சீக்கியர் அதில் அடக்கம். ஒருவர் கிறித்தவராகவோ முஸ்லிமாகவோ இருந்தால் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகள். 2009 சட்டப்படி எந்தத் திருமணமானாலும் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்துவிடுங்கள். மிரட்டல் இருந்தால் தனியாக அலையாதீர்கள், இயக்கத் தோழர்களிடமும் வழக்கறிஞரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முன்வரிசையில் இருக்கும் தோழர் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். டீயும் வந்துவிட்டது. குடித்துக்கொண்டே கேள்விகளுக்குப் போவோம்.